புழு மனைக்கு இருக்கும் காற்றோட்டம் எங்கள் சமையலறைக்கும் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் மற்றும் தொகுப்பு வீட்டுத் தெருப் பெண்கள்,
தளி ஊராட்சி ஒன்றியம், தேன்கனிக்கோட்டை வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: அரசு உதவியில் கட்டப்படும் வீடுகளின் சமையலறைக்குப் புகைபோக்கி அமைத்தல், விறகடுப்பில் சமைக்கும் பெண்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் பலருக்குப் பட்டுப்புழு வளர்ப்புதான் பிழைப்பு. புழு மனை கட்டும்போது தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம், கூரையை ஒட்டி இன்னொன்று என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். மனைப் பக்கம் யாராவது பீடி பற்றவைத்தால் விரட்டிவிடுவோம். புகை புழுவுக்கு ஆகாது. அந்தப் புழு தின்று மிச்சம் வைத்த மல்பெரிக் குச்சியைத்தான் கட்டாகக் கட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் எரிக்கிறோம். அந்த அறைக்குக் கையகல ஜன்னல் ஒன்றுதான். மழைக்காலத்தில் அதையும் சாத்திவிடுகிறோம்.

ஓட்டு வீட்டில் இருந்தபோதும் இருமினோம்தான். ஆனால் ஓட்டு இடுக்கில் கொஞ்சம் புகை போய்விடும். இப்போது மேலே கான்கிரீட். ஒழுகாத வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புகை வெளியேற வழி வைக்காமல் கட்டிவிட்டார்கள் என்பதுதான் குறை. ஒரு பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடுத்த பொங்கலுக்குள் கருத்துவிடுகிறது. சுவரைத் திரும்ப வெள்ளையடிக்கலாம், நெஞ்சை என்ன செய்வது?

என் மாமியாருக்கு மூச்சிரைப்பு வந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று மருத்துவர் கேட்டார். மாமியாருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாழ்நாளில் பீடியைத் தொடாதவர். ஐம்பது ஆண்டுகளாக ராகிக் களி கிண்டியவர். களி கிண்டுவதென்றால் பானை மேல் குனிந்து, துடுப்பைப் போட்டுக் கட்டி தட்டாமல் சுற்ற வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அது புகைபிடிக்கும் ஆண்களுக்கு மட்டும் வருவதல்ல என்று அன்றுதான் எங்கள் தெருவுக்கே தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. அவை மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். குழந்தைக்கு நிமோனியா, வயதானவர்களுக்குக் கண்புரை, கர்ப்பிணிக்கு எடை குறைந்த பிரசவம் என்று அதன் தொடர்ச்சி நீள்கிறது. அங்கன்வாடியில் நான் எடை போட்ட குழந்தைகளில் சிலர் தாயின் இடுப்பில் அடுப்படியிலேயே வளர்ந்தவர்கள். அந்த நாட்களில் சத்துமாவைப் பற்றி மட்டும் பேசிய எனக்கு இது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேஸ் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கிடைத்த இணைப்பு எங்கள் தெருவிலும் உண்டு. டீக்கும் பாலுக்கும் அது; களிக்கும் வெந்நீருக்கும் குச்சி. குச்சிக்குக் காசில்லை, சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரட்ட வேண்டும். சிலிண்டர் வண்டியும் தார்ச்சாலை முனையோடு நின்றுவிடுகிறது. 5 கிலோ சிலிண்டர் எங்கள் நியாயவிலைக் கடையிலேயே கிடைத்தால், வாங்கும் வீடுகள் கூடும்.

எனவே, கலைஞரின் கனவு இல்லம் உள்ளிட்ட திட்டங்களில் இந்த மாவட்டத்தில் இனிக் கட்டப்படும் வீடுகளில், அடுப்பு மேடைக்கு மேல் கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி இருந்தால்தான் கடைசித் தவணை என்று உத்தரவிட வேண்டுகிறோம். குடியிருக்கும் பழைய தொகுப்பு வீடுகளுக்கு ஒரு குழாயும் எதிரெதிரே இரண்டு துவாரங்களும் போதும். கொத்தனார் கூலியில் ஒரு பகுதியை நாங்களே தருகிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் 05.08.2021 அன்று இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் தன்னார்வலர்கள், "எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், இருமல் உண்டா?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இருமல் நீடிப்பவர்களுக்கு மூச்சுத்திறன் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்ய ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்று அவசரம். மார்கழி, தையில் தளிப் பக்கத்துக் குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறார்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். குளிர் தொடங்கும் முன்பே ஊராட்சிகள் இதைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும்.

நேரில் ஆய்வுக்கு வருபவர்களை மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள் ஐயா. பகலில் வந்தால் அடுப்பு அணைந்திருக்கும்.

இடம்: கிருஷ்ணகிரி (மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) தொகுப்பு வீட்டுத் தெருப் பெண்கள்

இணைப்பு: கையொப்பம் மற்றும் கைரேகைப் பட்டியல், கருத்த சமையலறைக் கூரையின் புகைப்படங்கள்.