மேரி ஜேனை ஏன் இப்படிக் குனிய வைத்தார்கள்?

ஆசிரியருக்கு,

காமிக்ஸ் சிலைகள் சேகரிப்பவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலைகளின் வேலைப்பாடு, விலை, அரிய பதிப்புகள் எல்லாம் இருந்தன. பெண் பாத்திரங்களை எப்படி வடிக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. 2007இல் அமெரிக்காவின் சைட்ஷோ நிறுவனம் ஸ்பைடர்மேன் கதைகளின் நாயகி மேரி ஜேனுக்கு ஒரு சிலை வெளியிட்டது. துவைக்க வேண்டிய துணிகள் மேல் குனிந்து, ஸ்பைடர்மேனின் உடையைக் கையில் எடுக்கிறார். மேற்சட்டையின் கழுத்து நன்றாக இறங்கியிருக்கிறது, ஜீன்ஸுக்கு மேல் உள்ளாடை தெரிகிறது. கதைகளில் அவர் மாடல், நடிகை, சொந்தக் காலில் நிற்பவர். அதில் ஒன்றுகூடச் சிலையில் இல்லை. உடை குறைவு என்பதல்ல என் குறை. நாயகனின் சிலை அவன் செய்வதைக் காட்டுகிறது; நாயகியின் சிலை அவள் உடம்பை மட்டும் காட்டுகிறது. அதுவும் இல்லையென்றால் ஆளையே காணோம்: 2015 அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பவர் பிளாக் விடோ என்ற நாயகி, அந்தக் காட்சியை வைத்து வந்த பொம்மையில் அந்த வண்டியில் இருப்பது கேப்டன் அமெரிக்கா என்ற நாயகன்!

போன மாதம் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பிறந்தநாளுக்காக ஒரு பொம்மைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஆசையாக ஒரு நாயகி பொம்மையை எடுத்தவள், "இது வேண்டாம்மா, ஒரு மாதிரி இருக்கு" என்று திருப்பி வைத்துவிட்டாள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, காமிக்ஸ் படிக்கும் பெண்களிடமும் சிறுமிகளிடமும் பேசி அவர்கள் சொல்வதையும் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி