கண்ணை மூடிக்கொண்டு கேட்கக் கொஞ்சம் இசை

தஞ்சாவூர்

அன்புள்ள வசந்தா,

உன் பேத்தி எழுதி அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. விழித்திரை பிரிந்து ஆபரேஷன் வரை போனதை நாலு வரியில் முடித்துவிட்டாயே என்று முதலில் கோபம்தான் வந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள், விழித்திரை ஒட்டுகிற வரை குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்ற வரியைப் படித்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. என் ஓரகத்திக்கு இதே ஆபரேஷன் ஆனபோது நடுவில் வட்டமாகக் குழி விட்ட தலையணை ஒன்று வாங்கினோம். முகம் அதில் பதிந்துகொள்ளும், மூச்சு முட்டாது, கழுத்து வலியும் குறையும். பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி இன்றைக்கே வாங்கிவிடு.

இங்கே எல்லாரும் நலம். மாமியாருக்கு நடை தளர்ந்துவிட்டது, ஆனால் குரல் தளரவில்லை. செந்திலுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்து போய்விட்டான். வீடு அமைதியாக இருக்கிறது. அதனால்தான் நானும் நிறையக் கேட்கிறேன்.

வார்த்தை இல்லாத இசையாக ஏதாவது அனுப்பு, பாட்டென்றால் வரிகள் மனசைப் பிசைகின்றன என்று கேட்டிருந்தாய். பென் டிரைவ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் பின்னணி இசை. ஹாஸ்டல் டிவி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் பார்த்தோமே, அதேதான். அப்போது நமக்கு வேற்றுக்கிரகத்து ஸ்பாக்கின் கூரான காதும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலும்தான் கண்ணில் பட்டன. அந்த மூன்று சீசன்களின் இசையையும் 2012-ல் 15 குறுந்தகடுகளாக மொத்தமாக வெளியிட்டார்கள். செந்தில் எனக்கு வாங்கிக் கொடுத்தான். படத்தைத் தள்ளிவைத்துவிட்டு இசையை மட்டும் கேட்க ஆரம்பித்த பிறகு, அந்தத் தொடர் எனக்கு வேறொன்றாகிவிட்டது.

மொத்தம் 79 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதிவுசெய்யப் பணம் கிடையாது. சில அத்தியாயங்களுக்கு மட்டும் இசையமைப்பாளர்கள் முழுசாக எழுதுவார்கள். மற்றவற்றுக்கு அந்தப் பதிவுகளிலிருந்தே வேண்டிய துண்டுகளை வெட்டி ஒட்டுவார்கள். அதனால்தான் சில இசைத்துண்டுகள் நமக்கு மனப்பாடமாகிவிட்டன. ஏதோ பெரிய ஆபத்து நெருங்குகிறது என்று நம் வயிற்றைக் கலக்கிய அந்த இசை எங்கே பிறந்தது என்று தேடிப்போனேன். 1967 அக்டோபர் 20-ஆம் தேதி அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்தில் போய் நின்றது. எழுதியவர் சால் கப்லன். நீ முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கதை உனக்கு மறந்திருக்கலாம். கோள்களை உடைத்து விழுங்கிக்கொண்டே போகும் ஒரு ராட்சத இயந்திரம். அதைச் செய்தவர்கள் யார் என்றே தெரியாது, நிறுத்தவும் ஆளில்லை. அதனிடம் சிக்கிச் சிதைந்த ஒரு கப்பலில் கமடோர் டெக்கர் மட்டும் தனியாக மேஜையில் சாய்ந்து கிடக்கிறார். தன் ஆட்களைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்றாவது கோளில் இறக்கிவிட்டவர் அவர். இயந்திரம் அந்தக் கோளையே தின்றுவிட்டது. அவர்கள் கதறுவதை வானொலியில் கேட்டுக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் கப்பலில் உட்கார்ந்திருந்தார். வில்லியம் விண்டம் நடித்திருந்தார். அந்த மனிதருடைய முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

கதையை எழுதிய நார்மன் ஸ்பின்ராடுக்கு, திரையில் காட்டிய இயந்திரம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காற்றடிக்கும் திசை காட்டும் துணிப்பையை சிமென்ட்டில் முக்கியெடுத்ததுபோல இருக்கிறது என்று அவரே பின்னாளில் சொன்னார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பொம்மையைப் பார்த்து நாம் பயந்தோமே, ஏன்? கப்லன்தான் காரணம். இயந்திரத்துக்கு அவர் கொடுத்தது இரண்டே இரண்டு சுரம். கீழ்ஸ்தாயியில் கனமாக ஒன்று, உடனே இன்னொன்று. மறுபடி அதே இரண்டு. நடுவில் விடும் இடைவெளியில்தான் பயம் இருக்கிறது, அடுத்தது எப்போது விழும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். இதே வித்தை எட்டு வருஷம் கழித்து, 1975-ல், 'ஜாஸ்' படத்துச் சுறாவுக்காக உலகமெங்கும் பேசப்பட்டது. ஒரு வாரத் தொடரின் ஒரே ஓர் அத்தியாயத்துக்காக கப்லன் அதை முன்பே செய்து வைத்திருந்தார்.

டெக்கருக்கு வரும் இசையையும் கவனி. அவர் வெறிபிடித்து எண்டர்பிரைஸை அந்த இயந்திரத்தின்மேல் ஏவும்போது பித்தளைக் கருவிகள் கூடவே கத்துகின்றன. கடைசியில் சின்ன விண்கலம் ஒன்றில் தனியாக ஏறி அதன் வாய்க்குள் போகிறார். அங்கே இசை அவரைப் பைத்தியக்காரன் என்று தீர்ப்பு சொல்வதில்லை. அவருடைய துக்கத்தோடு கூடவே போகிறது. இதை நான் பல தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் அந்த முடிவுக் காட்சி. எண்டர்பிரைஸின் கேப்டன் கிர்க் சிதைந்த கப்பலை வெடிக்கவைக்க ஏற்பாடு செய்து, அதை இயந்திரத்தின் வாய்க்குள் ஓட்டிக்கொண்டு போகிறார். ஆளை ஓரிடத்தில் மறையவைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் டிரான்ஸ்போர்ட்டர் கருவிதான் இவரைத் திரும்ப எடுக்க வேண்டும், அது பழுதாகி நிற்கிறது. நொடிகள் எண்ணப்படுகின்றன. கப்லன் ஒரு சின்ன இசைத்துணுக்கை எடுத்துக்கொண்டு விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கவைக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் கருவிகள் கூடுகின்றன, சத்தம் ஒரு படி ஏறுகிறது, ஆனால் வேகம் மட்டும் மாறுவதே இல்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும், வசந்தா. பதற்றம் என்றால் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது. இவர் வேகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கனத்தை மட்டும் ஏற்றுகிறார். கடிகாரம் அவசரப்படாது, அவசரம் மனிதனுக்குத்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த இடத்தில் கிர்க் தப்பித்தார் என்று உனக்கே தெரிந்துவிடும்.

இந்தத் தொடருக்கு அவர் முழுசாக இசையமைத்தது இரண்டே அத்தியாயங்களுக்குத்தான். 'தி எனிமி விதின்' இன்னொன்று. பிலடெல்பியாக்காரர், அடிப்படையில் பியானோ கலைஞர். 1953-ல் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வேலை இழந்தவர். எல்லாம் பறிபோன ஒரு மனிதனுக்கு இசை எழுதும்போது, அந்த வலி எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர் எழுதிய துண்டுகள் அதே சீசனில் 'அப்செஷன்', 'தி இம்யூனிட்டி சிண்ட்ரோம்' என்று வேறு அத்தியாயங்களிலும் ஒலித்தன. அவர் பெயரே தெரியாத கோடிக்கணக்கான பேரின் காதில் அவர் இருக்கிறார்.

பென் டிரைவில் இரண்டாவதாக இருப்பது ஜெரால்ட் ஃப்ரீட் எழுதிய 'அமோக் டைம்' இசை. 1967 செப்டம்பர். ஸ்பாக் தன் கிரகத்துக்குப் போய் கிர்க்கோடு மோதும் கதை. அந்தச் சண்டை இசை உனக்கு மறந்திருக்கவே முடியாது. அதற்காக இதை அனுப்பவில்லை. ஸ்பாக் தன் அறையில் தனியாக இருக்கும்போது பேஸ் கிட்டாரில் ஒரு மெட்டு வரும். ஆர்கெஸ்ட்ராவில் தாளத்துக்குத் துணையாக நிற்கும் கருவி அது. அதைத் தூக்கி முன்னால் நிறுத்தி, உணர்ச்சியை அடக்கி வைத்திருக்கும் ஒருவனைப் பாடவைத்திருக்கிறார் ஃப்ரீட். நீயே கேள்.

முகப்பு இசையும் சேர்த்திருக்கிறேன். அலெக்ஸாண்டர் கரேஜ் போட்டது. மேலே பறக்கிறதே ஒரு பெண் குரல், அது லூலி ஜீன் நார்மன். அந்த மெட்டுக்குத் தொடரின் படைப்பாளி ஜீன் ராடன்பெரி பின்னால் வரிகள் எழுதினார். தொடரில் யாரும் அவற்றைப் பாடவில்லை, ஆனால் வரிகள் எழுதியதால் ராயல்டியில் பாதி அவருக்குப் போனது. கரேஜுக்கு இது கடைசி வரை ஆறாத மனக்கசப்பு. எனக்கும் அதைப் படித்தபோது மனசு ஆறவில்லை.

பிற்பாடு வந்த ஸ்டார் ட்ரெக் தொடர் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' நீ பார்த்திருக்க மாட்டாய். 1987-ல் ஆரம்பித்து ஏழு சீசன் ஓடியது. பழைய துண்டுகளை வெட்டி ஒட்டாமல் வாராவாரம் புதிதாக ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்தார்கள். தொலைக்காட்சிக்கு அது பெரிய ஆடம்பரம். ஆனால் தயாரிப்புத் தரப்பில் மெட்டு துருத்திக்கொண்டு தெரியக்கூடாது, இசை காட்சியின் அடியில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்ற எண்ணம் வரவர வலுத்தது. ரான் ஜோன்ஸ் என்ற இசையமைப்பாளர் அதற்கு வளைந்துகொடுக்கவில்லை. 1990 ஜூனில் வந்த 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' அவருடையது. சொந்த கேப்டனே எதிரியாக மாற்றப்பட்டுத் திரையில் வந்து நிற்க, சுட உத்தரவு பிறக்கும் இடத்தில் சீசன் முடிகிறது. அந்தக் கடைசி நொடிகளின் இசையைக் கேட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவர்கள் பாவம். அடுத்த சீசனிலேயே ஜோன்ஸ் தொடரிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

நல்ல பின்னணி இசை என்றால் இருப்பதே தெரியக்கூடாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதலே இல்லை. இருப்பது தெரியாத இசையை நீ இப்போது குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டால் என்ன கிடைக்கும்? கப்லனைக் கேட்டால் கதையே கிடைக்கிறது.

ஆனாலும் அந்தத் தொடரிலிருந்து ஒன்றை விட மனமில்லை. 1992 ஜூன் 1-ஆம் தேதி வந்த 'தி இன்னர் லைட்'. கேப்டன் பிகார்ட் மயங்கி விழுகிறார். கப்பலில் அரை மணி நேரம்கூட ஆவதில்லை, அதற்குள் அவர் மனசில் வேறொரு கிரகத்தில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன், வறண்டுகொண்டே போகும் ஊர். அந்தக் கிரகம் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது என்று பின்னால்தான் தெரிகிறது. தங்களை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த மக்கள் அனுப்பிய கருவி அது. அங்கே அவர் ஒரு சின்னக் குழல் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார். ஜே சாட்டவே எழுதிய மெட்டு, பதிவில் வாசித்தது பென்னி விசில் என்ற எளிய தகரக் குழல். படத்தில் பிடித்திருந்த குழலோ வாசிக்கவே முடியாத வெறும் பொம்மை. அது 2006-ல் ஏலத்துக்கு வந்து 48,000 டாலருக்குப் போனது.

அந்த மெட்டை உன் பேத்தி ஒரு தடவை கேட்டாலே முணுமுணுத்துவிடுவாள். அவ்வளவு சுலபம். முதலில் தப்பும் தவறுமாக வாசிக்கிறார், பிறகு பிள்ளையின் பெயர்சூட்டு விழாவில் வாசிக்கிறார், கடைசியில் கப்பலுக்குத் திரும்பியபின் அறையில் தனியாக நின்று வாசிக்கிறார். மூன்றும் ஒரே மெட்டுதான். மூன்றாவது தடவை நமக்கு அது வேறாகக் கேட்கிறது, நடுவில் ஒரு வாழ்க்கை போய்விட்டதல்லவா. சாட்டவே பிற்பாடு இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தும் எழுதினார், அதையும் சேர்த்திருக்கிறேன். ஆனால் தனிக் குழலுக்கு முன்னால் அது நிற்காது என்பது என் கருத்து. நீ என்ன சொல்கிறாய் பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கப்லனையே எடுப்பேன். குழல் மெட்டு அழகு, அது கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் முழுசாக இறங்கும். கப்லனுக்கு அந்தத் துணை தேவையில்லை.

ராத்திரியில் கேட்காதே, தூக்கம் போய்விடும். சாயங்காலம் காபி குடித்தபிறகு போடச் சொல். காதில் மாட்டும் கருவி குப்புறப் படுக்கும்போது உறுத்தும், பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொள்.

இன்னொன்று. நம் கலாவின் மகள் கல்யாணம் கொடைக்கானலில் என்று உனக்கும் பத்திரிகை வந்திருக்கும். கண்ணுக்குள் அந்த வாயு இருக்கும்வரை மலை ஏறக்கூடாது, விமானத்திலும் ஏறக்கூடாது. உயரம் போனால் வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் கூடிவிடும் என்று ஓரகத்தியின் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். உன் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பிவிடாதே. கலாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் மட்டும் போய் உனக்கும் சேர்த்து மொய் எழுதிவிட்டு, அங்கிருந்து நேராக நாகர்கோவிலுக்கு பஸ் பிடித்து வருகிறேன். நாலு நாள் இருப்பேன். கேட்டதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அதற்குள் முடிவு செய்து வை.

அன்புடன்,
மீனாட்சி