பக்கத்து இருக்கைக்கு மட்டும் இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசித் திரையின் மேல் ஒட்டப்படும் ‘பிரைவசி கிளாஸ்’, ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது’ என்ற உறுதிமொழியுடன் விற்கப்படுகிறது. அதை நம்பி நானும் ஒன்றை ஒட்டிக்கொண்டேன். பயணத்தின்போது பணம் அனுப்ப முயன்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றிருந்த இளைஞர் ஒருவர், “ஐயா, ஓடிபி மேலேயே வந்திருக்கு பாருங்க” என்று உதவும் எண்ணத்தில் எடுத்துச் சொன்னார். அன்றுதான் விழித்துக்கொண்டேன்.

இந்தப் படலத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத கறுப்புத் தடுப்புகள் நெருக்கமாக, செங்குத்தாக நிற்கின்றன. வரிசையாக மரம் நட்ட தோப்பை நேராகப் பார்த்தால் மறுகோடி தெரிவதும், சாய்வாகப் பார்த்தால் மரங்களே மறைத்துக்கொள்வதும் போலத்தான் இதுவும்: நேராக வரும் ஒளி இடுக்கு வழியே வெளியேறிவிடும், சாய்ந்து செல்லும் ஒளி தடுப்பில் முட்டி நின்றுவிடும். எந்தக் கோணத்துக்கு அப்பால் திரை மறையும் என்று மடிக்கணினிப் படலங்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அளவு, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 டிகிரி.

இந்த 30 டிகிரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. திரையிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் அது நடுக்கோட்டிலிருந்து 23 சென்டிமீட்டர்தான் என்பதால், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அவருக்குக் கறுப்புத்தான் தெரியும். ஆனால் அதே 30 டிகிரி, 1 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 58 சென்டிமீட்டராக விரிந்துவிடுவதால், பின்னால் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பவர் வசதியாக அதற்குள் நிற்கிறார். தடுப்புகள் செங்குத்தாக மட்டுமே இருக்கும் படலம் மேலிருந்து வரும் பார்வையைத் தடுப்பதும் இல்லை. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினாலோ தடுப்புகளும் உடன் திரும்பிவிட, அதுவரை ஒன்றும் தெரியாதிருந்த பக்கத்து இருக்கைக்காரருக்கும் திரை திறந்துவிடுகிறது. நான்கு புறமும் மறைக்கும் வகையும் உண்டு. நான் கேட்காததால் யாரும் எனக்கு அதைக் காட்டவில்லை.

மறைப்பதற்கு விலையாக வெளிச்சத்தையும் இழக்கிறோம். மங்கலை ஈடுகட்ட ஒளியைக் கூட்டிக்கூட்டி வைப்பதால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது; என்னைப் போல் கண் தளர்ந்தவர்களுக்கு வெயிலில் எழுத்தே தெரிவதில்லை. திரைக்கு அடியில் கைரேகை உணரும் கைப்பேசிகள் சில, படலம் ஒட்டியபின் விரலை ஏற்க மறுப்பதும் உண்டு. (அதற்காகப் பூட்டையே எடுத்துவிட்ட நண்பர் ஒருவரை நான் அறிவேன்; கதவுக்குத் திரைச்சீலை போட்டுவிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றிய கதைதான்.)

பொருளையே குறை கூறுவது என் நோக்கமன்று. மருத்துவ அறிக்கையையோ சம்பளப் பட்டியலையோ பொது இடத்தில் மடிக்கணினியில் திறக்க வேண்டியவருக்கு, பக்கவாட்டுப் பார்வையைத் தடுப்பதே பெரிய உதவி. ஆனால் எந்தக் கோணத்துக்கு அப்பால் மறைக்கும், இரு புறமா நான்கு புறமா, வெளிச்சம் எவ்வளவு குறையும் என்னும் மூன்று விவரங்களையும் தயாரிப்பாளர்கள் உறையின் மீதே அச்சிட வேண்டும். விற்பவர்களும் படலத்தை ஒட்டுவதற்கு முன், அதைத் திரைமேல் சும்மா வைத்து, வாங்குபவரைத் தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்