படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் தகராறு. தோப்பில் மா நன்றாகப் பூத்திருக்கிறது. மழை கெடுக்காமல் இருந்தால் சரி.

நீ எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்த விஷயத்தை மருமகள் போனில் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நாங்கள் அங்கே வரும்போது டெக்சாஸில் இருக்கிற லேக் ஃபோர்க் ஏரிக்குக் கூட்டிப்போய், படகில் ஏற்றி மீன் இருக்கும் இடம் காட்டுகிற ஒரு கைடை அமர்த்தி, முழு நாளும் லார்ஜ்மவுத் பாஸ் என்கிற பெரிய வாய் மீனைப் பிடிக்க ஏற்பாடு செய்யப்போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் குறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். ஆனால் நீ தூண்டில் பிடித்தவன் இல்லை. சின்ன வயதில் ஏரிக்கு வந்தால்கூடப் புத்தகத்தோடு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாய். அதனால் யாரிடம் புக் பண்ணுவது, என்னென்ன கேட்பது என்று நானே படித்துப் பார்த்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

முதலில், முழு நாள் வேண்டாம். அரை நாள் போதும். அந்த பாஸ் படகு தட்டையானது. மேலே கூரை இல்லை, நிழல் இல்லை, கழிப்பறையும் கிடையாது. எட்டு மணி நேரம் அதில் நிற்கிற வயதை நான் தாண்டியாயிற்று. விடியும்போது ஏறினால் நாலு மணி நேரத்தில் நல்ல நேரமெல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலான கைடுகள் இரண்டு பேரைத்தான் ஏற்றுவார்கள், மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பேரனையும் கூட்டிக்கொண்டு போகணும் என்பது என் ஆசை. அதை முதலிலேயே சொல்லிவிடு. 13 வயதுக்குக் கீழே இருந்தால், படகு கட்டாமலோ நங்கூரம் போடாமலோ தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். அவன் அளவுக்கு அவரிடம் இருக்கிறதா என்று கேள். பெரியவர்கள் அளவை மாட்டி இறுக்கிக் கட்டுவதெல்லாம் ஆகாது.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தைப் பார்த்து மயங்காதே. ஒவ்வொருவரும் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம்தான் போட்டிருப்பார்கள். அணைக்கட்டில் வறுவல் கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய மீனை முன்னால் அடுக்குவதைப் போலத்தான் அது. உன் தட்டில் விழுவது வேறு. அதனால் போன் போட்டுப் பேசு. நீ கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்கிறாரா, உன்னைத் திருப்பிக் கேட்கிறாரா என்று கவனி. யார் வருகிறார்கள், என்ன வயது, நீந்தத் தெரியுமா, முன்னே தூண்டில் வீசிப் பழக்கம் உண்டா என்று கேட்பவர்தான் நமக்கு வேண்டிய ஆள். ஒகேனக்கல்லில் அனுபவப்பட்ட பரிசல்காரர் ஏறுவதற்கு முன்பே ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் எந்தப் பக்கம் உட்காரணும் என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வை போனிலும் தெரியும்.

பத்துப் பவுண்டு மீன் நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடு. 27,000 ஏக்கர் ஏரியில் வழி காட்டத்தான் கைடு, மீனுக்கு ஜாமீன் கொடுக்க இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் இதே ஏரியில்தான் 1992 ஜனவரியில் மாட்டியது. 18.18 பவுண்டு, நம் கணக்கில் எட்டேகால் கிலோ. பிடித்தவர் பேரி செயின்ட் கிளேர். அவர் அன்றைக்கு பாஸைத் தேடிப் போகவே இல்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக, முள்ளில் குஞ்சு மீனைக் கோத்து ஆழத்தில் இறக்கி வைத்திருந்தார்.

உலக அளவில் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததும் அதற்குச் சமம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பத்து கிலோ! இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம கட்லா அதைவிடப் பெருசா வளருமே" என்றாள். வளரும்தான். ஆனால் கட்லா தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து தவளையை விழுங்காது.

இந்த மீனைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு விரால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இதுவும் துரத்திக்கொண்டு அலையாது. களைக்குள்ளேயோ மூழ்கிய மரத்தடியிலேயோ ஒளிந்து நின்று பாயும். நாம் ஏரியில் தவளையை முள்ளில் கோத்து களைமேல் தத்தவிட்டு இழுப்போம் இல்லையா, அங்கே ரப்பர் தவளையை வைத்து அதையேதான் செய்கிறார்கள். லேக் ஃபோர்க்கில் ஒளிய இடத்துக்குப் பஞ்சம் இல்லை. 1980-ல் அணை கட்டி முடித்தபோது பெரும்பாலான மரங்களை வெட்டாமலே விட்டுத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நம் விரால் குடும்பத்தையே 2002-லிருந்து அமெரிக்கா உயிரோடு உள்ளே விடுவதில்லை. அவர்கள் பாஸை 2005-லிருந்து ஜப்பான் உயிரோடு கொண்டுபோகவோ வளர்க்கவோ விடுவதில்லை. நாம்தான் 1952-ல் வந்த ஜிலேபிக் கெண்டையை உள்ளே விட்டுவிட்டு இப்போது ஏரியெல்லாம் அதுவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரி, அது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வருவது பங்குனியில். அங்கே அதுதான் முட்டைக் காலம். தண்ணீர் பதினைந்து பதினாறு டிகிரிக்கு மேல் சூடேறியதும் ஆண் மீன் கரையோரம் ஆழமில்லாத இடத்துக்கு வந்து, வாலால் மண்ணைத் தள்ளிக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண்தான். கிட்டே எது வந்தாலும் பாய்ந்து விரட்டும். அதனால்தான் அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது சுலபம். தெளிந்த தண்ணீரில் குழி கண்ணுக்கே தெரியும், மீனும் தெரியும், தூண்டிலைக் குழிக்குள் போட்டால் கோபத்தில் கவ்வும். உடனே விட்டுவிட்டாலும், அது படகில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் புளூகில் என்ற சின்ன மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

அங்கே சட்டப்படி அது தவறில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் உன் தாத்தாவை உனக்குத் தெரியும். தண்ணீர்மேல் செக்கச்செவேல் என்று விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுக் கூட்டம், கொதிப்பதைக் கண்டால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஏரியின் அடுத்த பக்கம் போய்விடுவார். அடியில் தாய் நிற்கும், போட்டால் பிடிக்கும் என்று தெரிந்தே போவார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆகவே கைடிடம் தெளிவாகச் சொல்: குழியில் நிற்கிற மீன் வேண்டாம், முட்டையிட இன்னும் கரைக்கு வராததையோ, இட்டு முடித்துப் போனதையோ தேடிக் காட்டட்டும். மீன் குறைவாகக் கிடைக்கும் என்பார். கிடைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லணும். இப்போது படகின் முன்பக்கம், ஒலியலையால் தண்ணீருக்குள் பார்க்கிற சோனார் திரை வைத்து, மீன் நகர்வதை அப்படியே படமாகப் பார்த்து அதன் தலைக்கு நேராக வீசுகிறார்களாம். டிவி பார்க்கத்தான் வீட்டிலேயே இருக்கிறதே. மரக்கட்டை ஓரமாக, கண்ணாலும் கையாலும் பார்த்து வீசுகிற மாதிரி இடத்துக்குக் கொண்டுபோகச் சொல். ஆழம் பார்க்கிற கருவி இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் தடை சொல்லவில்லை.

தூண்டில், நரம்பு, ரப்பர் புழு எல்லாம் பொதுவாக கைடே தருவார், கேட்டு உறுதி செய்துகொள். ரீல் என்பது நரம்பு சுற்றும் உருளை; உனக்கும் பேரனுக்கும் புதியவர்களுக்குச் சுலபமான ஸ்பின்னிங் ரீல் கேள். பெய்ட்காஸ்டர் ரீல் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் கட்டைவிரல் அழுத்தம் தெரியாதவன் வீசினால் நரம்பு உள்ளேயே சிக்கு விழுந்து, நாலு மணி நேரமும் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். ரப்பர் புழுவுக்குள் முள்முனையை மறைத்துக் கோக்கும் முறையை டெக்சாஸ் ரிக் என்கிறார்கள். மரக்கிளையில் மாட்டாமல் இருக்க நல்ல யோசனை. தக்கை கிடையாது, அதனால் நரம்பில் லேசாக ஒரு தட்டு தட்டுவதை விரலில் உணரணும். தெரிந்ததும் தளர்வைச் சுற்றிவிட்டுச் சுண்டு. மீன் வந்தால் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், பல் சுரசுரப்பாக இருக்குமே தவிர கிழிக்காது. ஆனால் பெரியதைத் தாடையில் மட்டும் தொங்கவிடாதே. இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடு. போட்டோ எடுப்பதானால் சீக்கிரம் எடுத்துத் தண்ணீரில் விடு.

லைசென்ஸ் விஷயத்தில் சோம்பல் படாதே. இங்கே ஏரியை மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே அப்படி இல்லை. கைடிடம் இருக்கிற லைசென்ஸ் அவருக்குத்தான், நமக்கு ஆகாது. உனக்கும் எனக்கும் தனித்தனியாக வாங்கணும், ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸும் இருக்கிறது. பேரனுக்குத் தேவையில்லை, 17 வயது ஆகும் வரை விலக்கு. லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேல் 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளவே கூடாது, திரும்ப விடணும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து, அதில் 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது ஒன்றுதான். நடுத்தர மீனை விட்டால்தான் ஏரியில் பெரியது இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸைப் பிடித்தால் அரசின் ஷேர்லங்கர் திட்டத்துக்கு இனப்பெருக்கத்துக்காகக் கொடுக்கலாம். இப்போது ஜனவரியிலிருந்து மார்ச் வரை உயிரோடு வாங்கிக்கொள்கிறார்கள். குஞ்சுகளைத் திரும்ப ஏரிகளில் விடுவார்களாம். 1986 நவம்பரில் அதற்கு முதல் மீனைக் கொடுத்தவர் மார்க் ஸ்டீவன்சன் என்ற கைடு, இதே ஏரியில், எட்டு கிலோ. நம் அணையடி மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்துப் போனவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

அம்மாவுக்கு இந்தத் திரும்ப விடுகிற சமாசாரமே பிடிக்கவில்லை. "விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்கிறாள். குழம்பு மசாலா இப்போதே அரைத்து வைத்தாயிற்று. இதற்கு ஒரு வழி கேட்டு வை: கடைசி ஒரு மணி நேரம் கிராப்பிக்கு இறக்க கைடு ஒப்புக்கொள்வாரா என்று. அது வெள்ளைச் சதை, அங்கேயே விரும்பிச் சாப்பிடுகிற மீன். அதற்கும் அளவும் கணக்கும் உண்டு, அவரே பார்த்துச் சொல்வார். ஒன்றே ஒன்று, சனிக்கிழமை வேண்டாம். அன்றைக்கு அம்மா கவிச்சி தொடமாட்டாள் என்பது உனக்கே தெரியும். அதுவுமில்லாமல் சனி ஞாயிறு ஏரியில் படகு நெரிசல். வார நாளில் நீ ஒரு லீவு போடு.

பணத்துக்கு வருகிறேன். அரை நாளுக்கே சில நூறு டாலர் ஆகும், முன்பணமும் கேட்பார்கள். கட்டுவதற்கு முன் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கு. இடி மின்னலோ பலத்த காற்றோ வந்தால் வேறு தேதி தருவாரா, பணம் போய்விடுமா? நம் பக்கம் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் எத்தனை நாள் முன்னே சொல்லணும்? மார்ச்சில் அங்கே திடீரென்று வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குமாம், அடுத்த நாளெல்லாம் மீன் வாய் திறக்காதாம். அதற்காக ரத்து பண்ண முடியாது, போகத்தான் வேணும். முடிந்ததும் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்து இருபது டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். மீன் வந்தாலும் வராவிட்டாலும் கொடு, மனுஷர் மூன்று மணிக்கே எழுந்து வந்திருப்பார்.

அந்தப் படகுகள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் போகுமாம். என் முதுகுக்கு அது ஒத்துவராது, மெதுவாகப் போகச் சொல். ஓட்டுபவர் இன்ஜினை நிறுத்தும் வாரை உடம்பில் மாட்டிக்கொள்ளணும் என்று 2021 ஏப்ரலிலிருந்து அங்கே மத்திய சட்டமே இருக்கிறது. அவர் மாட்டுகிறாரா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தொப்பியும் குளிருக்கு ஜாக்கெட்டும் மட்டும் எடுத்து வை.

தேதி ஏப்ரல் பத்துக்குள் இருக்கட்டும். மாதக் கடைசியில் செந்தூரா பறிப்பு ஆரம்பித்துவிடும், அதற்குள் நாங்கள் தோப்புக்குத் திரும்பணும். கைடிடம் பேசிவிட்டு, அவர் உன்னை என்னென்ன கேட்டார் என்பதை எனக்கு எழுது. அம்மா மருமகளிடம் என்னவோ பேசணுமாம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரம் காலை ஏழு மணிக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா