இரண்டு வாக்கியம் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் நீளமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வருகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடிக் குழாயை மாற்றியாயிற்று. கோவில்பட்டியில் மழையும் இல்லை, வேறு விசேஷமும் இல்லை.

விஷயம் இதுதான். ராஜபாளையம் அத்தை பையன் இன்டர்வியூவுக்குத் தயாராகிறான். கஷ்டமான கேள்வி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டான். மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து ஆள் எடுத்தே தலை நரைத்தவன் என்பதால் மாமாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறான். உங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எழுதியிருப்பதை நீ ஒருமுறை படித்துப் பார்த்து, தப்பாக இருந்தால் சொல்.

எல்லாக் கேள்வியிலும் கஷ்டமானது "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்பதுதான். இதற்கு இரண்டு வாக்கியம் போதும். என்ன நடந்தது என்பது ஒன்று, அதற்குப் பிறகு என்ன செய்கிறேன் என்பது இன்னொன்று. அத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்த மௌனம் தாங்காமல்தான் மூன்றாவது வாக்கியத்தை ஆரம்பிப்பார்கள், பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பிப்பார்கள், வந்த காரியம் அங்கேயே கெட்டுவிடும்.

நூல் விலை படுத்துக் கிடந்த ஒரு சமயம், பக்கத்து மில்லில் ஆள் குறைத்தார்கள். அங்கிருந்து எங்கள் மில்லுக்கு வேலை கேட்டு வந்தார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஒருவர் உடம்பு சரியில்லை என்பார், ஒருவர் ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்பார். எல்லோரும் நல்ல வேலைக்காரர்கள்தான். ஆனால் சொல்வது பொய் என்று தெரிந்துவிடுவதால் அடுத்த பத்து நிமிடம் எங்களுக்கு அதைத் தோண்டுவதிலேயே போய்விடும். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினைப் பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் மட்டும், "ஆள் குறைச்சாங்க சார், சீனியாரிட்டியில நான் கீழே இருந்தேன். இப்போ ஒரு ஒர்க்‌ஷாப்ல போயிட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எங்களிடம் என்ன இருக்கிறது? பேச்சு உடனே ஸ்பிண்டில், டிராஃப்டிங் என்று மெஷின் வேலைக்குப் போய்விட்டது. அவர் கெட்டிக்காரர் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. அவரைத்தான் எடுத்தோம்.

ஆட்குறைப்பு என்றால் ஏன் இப்படி மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. நாங்கள் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்திலேயே தெளிவாக இருந்தது: ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனையாக நீக்கினால் அது ஆட்குறைப்பில் சேராது. இரண்டும் வேறு வேறு. சாதாரணமாகக் கடைசியில் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்றும், பிறகு ஆள் எடுத்தால் அனுப்பியவனுக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. குற்றம் செய்தவனுக்கா இப்படியெல்லாம் எழுதிவைப்பார்கள்? உங்கள் கம்பெனிகளில் இந்த மாதிரிச் சட்டங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஒரு டீமையே மூடினார்கள் என்றால் அது மூடியவர்களின் கணக்கு. அதில் இருந்த பையன் எதற்குத் தலை குனிய வேண்டும்?

அத்தை பையன் இன்னும் கடைசி வருடம்தான் படிக்கிறான், அவனிடம் யார் பழைய வேலையைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்று உனக்குத் தோன்றும். சரிதான். பின்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. மதுரையில் ஆபரேஷனுக்கு முன்னால் உன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை நீட்டினோம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். நான் டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். கார்டில் ஏதோ கோளாறு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பணம் அனுப்பவும் வேண்டாம்.

அடுத்தது, இடையில் சும்மா இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்பார்கள். தேதியை மட்டும் நீட்டிப் போடவே கூடாது. பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதம் வரை பணம் விழுந்திருக்கிறது என்பது தெரியும். அதைச் சரிபார்த்துச் சொல்வதற்கென்றே இப்போது ஏஜென்சிகள் இருக்கின்றன. வேலை இல்லாமல் இருந்ததற்காக யாரும் வந்த வேலையைத் தராமல் போவதில்லை, தேதியில் பொய் சொன்னால் தந்த வேலையையே பிடுங்கிக்கொள்வார்கள். அந்த மாதங்களில் எதையாவது கற்றுக்கொண்டிருந்தால் சொல்லலாம், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்லலாம். இதுவும் இரண்டே வாக்கியம்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்றால் அளவுக்கு மீறி உழைப்பேன் என்று சொல்லாத ஆளே கிடையாது. அதைக் கேட்டதும் எங்கள் மேனேஜர் மேஜைக்கடியில் என் காலை மிதிப்பார், நான் சிரிப்பை அடக்க ஃபைலைப் புரட்டுவேன். உண்மையான ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்கிறாய் என்றும் சொன்னால் தீர்ந்தது. உதாரணத்துக்கு, கஷ்டம் வந்தால் யாரிடமும் உதவி கேட்காமல் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது. இது நம் வீட்டில் சிலருக்கு உண்டு.

சம்பளக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே போகும் முன்பே, இதற்குக் கீழே போக மாட்டேன் என்று ஒரு தொகையை மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதை வெளியே சொல்லக் கூடாது. இந்த வேலைக்கு நீங்கள் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று முதலில் அவர்களைக் கேட்கலாம். சி.டி.சி., அதாவது ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, என்று பெரிய தொகையைச் சொன்னால் அதில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, கூடக் குறைய வரும் வேரியபிள் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். கையில் வேலை இல்லையே என்ற பயத்தோடு போகிறவன் யாரும் கேட்காமலே விலையைக் குறைத்துவிடுவான். குறைக்காதே. அதாவது, அவன் குறைக்கக் கூடாது.

இன்னொன்று. நீங்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள் என்றால் நம் பிள்ளைகள் "நாங்கள் செய்தோம்" என்றே முடித்துவிடுகிறார்கள். டீம் செய்தது சரி, நீ என்ன செய்தாய்? பீற்றிக்கொள்ளக் கூடாது என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம், ஆனால் இன்டர்வியூவில் அது செல்லாது. கேம்பஸில் முதல் கம்பெனியிலேயே எடுபட்டவன் நீ. உனக்குத் தெரியாததா? அத்தை இன்றைக்கும் பையனிடம் உன்னைத்தான் சொல்லிக்காட்டுகிறாள். அப்படிப்பட்டவன் தீபாவளிக்கு வராமல் இருந்ததுதான் எங்களுக்கு ஆறவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், கிடைத்திருக்காதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதிலை எழுதி மனப்பாடம் செய்தால் ஒப்பிப்பது தெரிந்துவிடும். வாய்விட்டு யாரிடமாவது நாலைந்து முறை சொல்லிப் பார்க்க வேண்டும். அத்தை பையன் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு என்னிடம் போனில் சொல்லிப் பார்க்கிறான். உனக்கு மீட்டிங் இல்லாவிட்டால் நீயும் வா. அவன் கூச்சப்பட்டால் அவனை விட்டுவிட்டு நாம் இருவர் மட்டும்கூடப் பேசலாம். நான் அந்தப் பக்கத்து ஆளாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். பழகிய வேலைதானே.

அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த ரசீது, இவற்றையெல்லாம் போனில் கேட்டால் இழுத்தடிப்பார்கள். மெயிலில் கேட்டு, பதிலையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி மெயில் மூடிவிட்டால் சொந்த மெயிலிலிருந்து கேட்கலாம். அத்தை பையனுக்கு இதெல்லாம் இப்போதைக்குத் தேவைப்படாது.