வில்லன் படம் வேண்டாம், கதையைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னத்திரையின் பழைய முகங்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஒருவர் ஓட்டல் நடத்துகிறார், ஒருவர் ரியல் எஸ்டேட்டில் இருக்கிறார். சரி. எழுத்துக்கு வந்த நடிகர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் பெயரைப் போட எனக்கு மனமில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம் வந்த காலத்தில் இரண்டு முறை நடித்தார். டிவி இருந்த ஒரே வீட்டு வாசலில் தெருவே கூடி நின்று பார்த்தோம். ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார் வேஷம். அப்புறம் தனியார் சேனல்கள் வந்தன, மெகா சீரியல்கள் வந்தன. ராயபுரத்துக்காரர் என்று தெரிந்ததும் கைலியைக் கட்டிவிட்டுக் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அடியாள், கந்துவட்டிக்காரர், ஆள் கடத்துபவர். "இன்னும் கொஞ்சம் லோக்கலா பேசுங்க" என்பார்களாம். எங்கள் வீடுகளில் யாரும் பேசாத பேச்சு அது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, ஏரியா பெயரைக் கேட்டதுமே பின்வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேஷங்களைப் பற்றி அண்ணனுக்கும் மனக்கஷ்டம் உண்டு. ஆனால் பேட்டாவை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றன. மே 31 முதல் சீரியல் எடுக்கலாம் என்று அனுமதி வந்தபோது, 60 பேருக்கு மேல் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. ஆட்களைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் போவது அடியாட்கள்தானே. அவர் பாத்திரம் வெளியூர் போய்விட்டதாக ஒரே வரி வசனத்தில் முடித்துவிட்டார்கள். வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய வசனத் தாள்களின் பின்பக்கத்தில் அண்ணன் அப்போதுதான் எழுத ஆரம்பித்தார்.

இதுவரை பதினோரு கதைகள் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் ஏலம் எடுத்து வீதி வீதியாக மீன் விற்கும் ஒரு அம்மா, அந்த 61 நாளையும் எப்படித் தள்ளுகிறார் என்பதுதான் கதை. முதல் வாரம் கருவாடு விற்கிறார். மூன்றாவது வாரம் மகளின் கொலுசு அடகுக்கடைக்குப் போகிறது. ஐஸ் உடைக்கும் மருமகன் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குச் சோறு போடும்போது அந்த அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சு அப்படியே எங்கள் பேச்சு. பெரியவர்களிடம் ஒரு மாதிரி, சண்டையில் ஒரு மாதிரி, துக்க வீட்டில் வேறு மாதிரி. அத்தனை வருடம் அடுத்தவர் எழுதியதைப் பேசிய வாய்க்கு, எந்த வசனம் பொய் என்று தெரியாமல் போகுமா? காசிமேட்டு ரவுடியாக எத்தனையோ சீரியலில் வந்தவர், ஒன்றில்கூட வலை பின்னும் ஆளாக வந்ததில்லை. அந்த ஆள் இந்தக் கதையில் இருக்கிறார்.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். கதை வேண்டாம், படப்பிடிப்பில் நடந்த சுவையான சம்பவங்கள் இருந்தால் எழுதித் தாருங்கள் என்று பதில் வந்தது. அதன்பிறகு இரண்டு மாதம் அண்ணன் பேனாவைத் தொடவில்லை.

அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கதையை என் கையால் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் போடுங்கள். போட்டால், 'சீரியல் வில்லன் எழுதிய கதை' என்று தலைப்பு வைக்காதீர்கள், கத்தியோடு நிற்கும் பழைய ஸ்டில்லையும் தேடி எடுக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால், எங்கே சரியில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர் திருத்தி எழுதுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை - 13