ஊருக்குப் போகிறவள் பையில் பொட்டலம் திணிக்கும் உறவினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மன்னார்குடிச் சொந்தபந்தங்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும்,

வணக்கம். தை பிறந்ததும் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன். தேதியை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு பேர் "சின்னப் பொட்டலம்தான்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. விமானத்தில் 30 கிலோ சும்மா கொண்டுபோகலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். நான் வாங்கும் மலிவு டிக்கெட்டில் கைப்பை மட்டும்தான். பெரிய பெட்டி வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கைப்பைக்கும் கணக்கு உண்டு. பெரும்பாலும் 7 கிலோ. போன வருடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டதிலிருந்து எனக்கும் அதுவே தோதாகிவிட்டது. இறங்கியதும் பெட்டிக்காகக் காத்து நிற்காமல் நேரே வெளியே வந்துவிடலாம்.

என் பையைத் திறந்தே காட்டுகிறேன். வெறும் பை 800 கிராம். சக்கரப் பெட்டி என்றால் அதுவே இரண்டு கிலோவைத் தின்றுவிடும், அதனால் துணிப்பை. பூனம் புடவை நான்கு, 1.6 கிலோ. பட்டு எடுப்பதில்லை, ஒரு பட்டுப்புடவை எடைக்கு இரண்டு பூனம் வைக்கலாம். ரவிக்கை, பாவாடை 900 கிராம். நைட்டி இரண்டு அரைக் கிலோ. மாத்திரை, மருந்துச்சீட்டு, காகிதங்கள் அரைக் கிலோ. சார்ஜர், பவர் பேங்க் 400. ஈரிழைத் துண்டு 150. பேத்திக்குப் பட்டுப்பாவாடையும் கைமுறுக்கும் 1.85 கிலோ. (அதில் முறுக்குதான் அதிகம். பாட்டிக்கு இந்த உரிமை கூடவா இல்லை?) பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பாரே, அதுபோல ஒரு கொக்கித் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டித் தூக்கினால் 6.7 காட்டும். மிச்சம் 300 கிராம்.

இந்த 300 கிராமுக்குள் நீங்கள் அனுப்ப நினைப்பவற்றைப் பார்ப்போம்.

ஊறுகாய். சென்ற முறை எண்ணெய் மிதக்கிற மாங்காய் ஊறுகாய், அரைக் கிலோ பாட்டில், சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. திரவம், குழைவாக இருப்பது எதுவானாலும் பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்றாலும் செல்லாது. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைப் பானப் பாட்டிலில் வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் திட்டமிட்டது பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயைக் காட்டி "இது கட்டிதானே" என்று வாதாட என்னால் ஆகாது.

முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ எல்லாம் சிங்கப்பூரிலேயே தேக்கா சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அப்பளத்துக்கு முஸ்தபா கடை இருக்கிறது. நீங்கள் வாங்கும் அதே கம்பெனி, அதே கட்டு.

பொடிக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன தடவை கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, அண்ணி கொடுத்த குருமாப் பொடியை முகர்ந்து பார்த்தேன். பட்டை, சோம்பு தெரிந்தது. அடியில் வேறு ஏதோ ஒரு வாசம். போன் போட்டேன்.

"அண்ணி, இதுல கசகசா போட்டீங்களா?"

"போடாம குருமா ஏது? ரெண்டு ஸ்பூன்தான்."

சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். துபாய்ப் பக்கமும் அப்படித்தான். அபினி எடுக்கிற செடியின் விதை அது. நமக்கு அஞ்சறைப்பெட்டிச் சாமான், அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அந்தச் சட்டம் எவ்வளவு கடுமை என்று உங்களுக்கே தெரியும். "எனக்குத் தெரியாது, அண்ணி கொடுத்தது" என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா? பொடி வீட்டிலேயே தங்கியது. அண்ணி ஒரு மாதம் பேசவில்லை. மாத்திரைக்கும் இதே கதைதான். இங்கே கடையில் வாங்குகிற இருமல் மருந்து சிலவற்றில் கொடீன் என்ற அபினி வகைச் சரக்கு இருக்கிறது. என் மாத்திரையைக் கூட மருந்துச்சீட்டோடுதான் எடுத்துப்போகிறேன். அடுத்தவர் மாத்திரைக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏற்பது?

"பையை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா" என்று விமான நிலையத்தில் கேட்பதுண்டு. இந்த முறை "நானே அடுக்கினேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதனால் டேப் ஒட்டி, ஸ்டேப்ளர் அடித்து, மேலே பெயர் எழுதிய எதையும் வாங்க மாட்டேன். பிரித்துக் காட்டுகிறோம் என்றாலும் இடம் கிடையாது.

ஏனென்றால் அந்த 300 கிராம் போய்விட்டது. கீழத்தெரு அம்மாவின் மகன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான், தங்கும் விடுதியில் பத்துப் பன்னிரண்டு பேரோடு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வருவான். அவனுக்கு எள்ளுருண்டை. அந்த அம்மா என் எதிரிலேயே எள் வறுத்து, வெல்லம் இடித்துப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தராசை நான் கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி